பழைய ரோம் நகரில் சாதாரண ஆள் எப்படி வாழ்ந்தார்?

ரோமானியர் என்றாலே பளிங்கு மாளிகை, சாய்ந்து படுத்தபடி விருந்து, கொலோசியம் அரங்கத்தில் ரத்தம் என்றுதான் காட்டுகிறார்கள். அதையெல்லாம் விட்டுவிட்டுப் பார்த்தால் ரோம் நகரத்தில் ஒரு சாதாரண ஆள் எங்கே குடியிருந்தார், என்ன சாப்பிட்டார், தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் என்ன செய்தார் என்பது கேள்வி.

மாளிகைக்காரர்களை ஒதுக்கிவிட்டுக் கேட்டதுதான் சரி. ஊரில் அவர்கள் கொஞ்சம் பேர். கி.பி. நான்காம் நூற்றாண்டில் எழுதப்பட்ட நகரப் பட்டியல்களில் தனி மாளிகைகள் 1,800-க்குச் சற்றுக் குறைவாகவும், இன்சுலா என்ற வாடகைக் குடியிருப்புகள் 46,000-க்கு மேலும் வருகின்றன. அந்த 46,000 முழுக் கட்டடங்களா, கட்டடத்துக்குள் இருந்த தனித்தனிக் குடித்தனங்களா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எப்படி எண்ணினாலும், முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் இருந்ததாக மதிப்பிடப்படும் ஊரில், பெரும்பாலானோர் வாடகைக்கு இருந்தவர்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வாடகைக்காரருக்கு வீடு என்பது தூங்கவும் பெட்டி படுக்கையை வைக்கவும் மட்டும்தான். நாம் ஒரு வீட்டுக்குள் எதிர்பார்க்கிற மற்ற எல்லாமே, அடுப்பு, குழாய், கழிப்பறை, குளியலறை, உட்கார்ந்து பேச ஒரு கூடம் என்று அத்தனையும், தெருவில் இருந்தன. ஒரு மேன்ஷன் அறையில் குடும்பத்தோடு தங்கி, மெஸ்ஸில் சாப்பிட்டு, தெருக்குழாயில் தண்ணீர் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அதுதான். ரோமானியர்களின் வேறு பல வழக்கங்கள் விசித்திரமாகத் தெரிவதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. இந்த வாழ்க்கையைப் பற்றி நமக்கு அதிகம் சொல்கிறவர்கள் ஜூவனல், மார்ஷல் போன்ற கவிஞர்கள். இரண்டு பேருமே கிண்டல்காரர்கள், நாலைப் பத்தாக்கிச் சொல்வது அவர்கள் தொழில். அவர்களைவிடச் சட்டப் புத்தகம், சுவர்க் கிறுக்கல், சாக்கடை மண் மூன்றையும்தான் நான் அதிகம் நம்புவேன்.

சரி, கட்டடத்திலிருந்து தொடங்கலாம். தரைத்தளத்தில் தெருவைப் பார்த்துக் கடைகள். கடைக்குள்ளேயே மரப் பரண் ஒன்று இருக்கும். கடைக்காரர் குடும்பம் அதில் படுத்துக்கொள்ளும். அதற்கு மேல் முதல் மாடியில் ஓரளவு வசதியான, பல அறைகள் கொண்ட குடித்தனங்கள். மேலே போகப் போக அறை சுருங்கும், வாடகை குறையும். மொட்டை மாடிக் காற்று, நல்ல காட்சி என்று இன்று உச்சி மாடிக்கு அதிகம் கொடுக்கிறோமே, அங்கே நேர்மாறு. ஓட்டுக்கூரைக்கு அடியில் வெயிலிலும் குளிரிலும் கிடப்பது ஏழைகளின் பங்கு. சன்னலுக்குப் பெரும்பாலும் கண்ணாடி கிடையாது, மரக்கதவுதான். குளிருக்கு மூடினால் உள்ளே இருட்டு. வெளிச்சத்துக்குத் திறந்தால் மழை.

நகரின் நடுவிலேயே கேப்பிடல் குன்றின் அடிவாரத்தில் அப்படி ஒரு கட்டடத்தின் மிச்சம் இன்றும் நிற்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் கடைத்தளம் இன்றைய தெரு மட்டத்துக்குக் கீழே புதைந்து கிடக்கிறது. மேல் தளங்களில் காற்றும் வெளிச்சமும் சரியாக வராத சிறு அறைகளைப் பார்க்கலாம். இன்னும் நிதானமாகப் பார்க்க வேண்டுமானால் ரோமின் துறைமுகமான ஒஸ்தியாவுக்குப் போக வேண்டும். அங்கே செங்கல் குடியிருப்புகள் தெருத் தெருவாக நிற்கின்றன.

எவ்வளவு உயரம் கட்டலாம் என்பதற்குச் சட்டம் இருந்தது. அகஸ்டஸ் 70 ரோமானிய அடி என்று வரம்பு வைத்தார், அதாவது 20 மீட்டரைச் சற்றுத் தாண்டும். பிறகு பேரரசர் டிராஜன் அதை 60 அடியாகக் குறைத்தார். வரம்பைக் குறைக்க வேண்டி வந்தது என்றாலே கட்டடங்கள் எப்படி நின்றன என்று புரிந்துவிடும். அரசியல்வாதியும் பேச்சாளருமான சிசரோ கி.மு. 44-ல் தன் நண்பர் அட்டிக்கஸுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், தன்னுடைய வாடகைக் கடைகளில் இரண்டு இடிந்து விழுந்துவிட்டன, மற்றவை விரிசல் விட்டிருக்கின்றன, குடியிருந்தவர்கள் மட்டுமல்ல எலிகளே காலி செய்துவிட்டன என்று சாவதானமாக எழுதுகிறார். அதே மூச்சில், இந்த நஷ்டத்தையே லாபமாக்கும்படி புதிதாகக் கட்ட ஒரு திட்டம் இருக்கிறது என்கிறார். வீட்டுச் சொந்தக்காரரின் குரல் இரண்டாயிரம் ஆண்டுகளில் ஒன்றும் மாறவில்லை.

வாடகை ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கும். கோடையின் நடுவில், பாக்கி வைத்தவர்கள் சட்டி பானையோடு தெருவில் நிற்கும் நாளும் அதுதான். கி.பி. 79-ல் எரிமலை வெடித்துப் புதைந்துபோன பொம்பெயி ஊரில் ஒரு சுவரில் 'வாடகைக்கு' விளம்பரம் ஒன்று அப்படியே கிடைத்திருக்கிறது: நிகிடியஸ் மையஸ் என்பவருடைய கட்டடத்தில் பரணோடு கூடிய கடைகள், மேல்மாடிக் குடித்தனங்கள், தனி வீடு எல்லாம் ஜூலை முதல் தேதியிலிருந்து வாடகைக்கு விடப்படும், வேண்டுவோர் அவருடைய அடிமை பிரைமஸைப் பார்க்கவும். பெரிய சொந்தக்காரர்கள் நேரில் வரமாட்டார்கள். இடையில் இப்படி ஒரு ஆள்.

இடிவதைவிடப் பெரிய பயம் தீ. மேல்தளங்கள் மரம், தளத்துக்குத் தளம் மரம், சூட்டுக்கும் சமையலுக்கும் அறைக்குள் கரி அடுப்பு, விளக்குக்கு எண்ணெய்த் திரி. கி.மு. முதல் நூற்றாண்டில் கிராசஸ் என்ற பெரும் பணக்காரர் எரிந்துகொண்டிருக்கும் கட்டடத்தையும் பக்கத்துக் கட்டடங்களையும் பயந்துபோன சொந்தக்காரர்களிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கியே சொத்து சேர்த்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் எழுதிய புளூட்டார்க் சொல்கிறார். அகஸ்டஸ் கி.பி. 6-ல்தான் விகிலெஸ் என்ற தீயணைப்பு இரவுக் காவல் படையை அமைத்தார். மொத்தம் 7 பிரிவுகள். நகரத்தின் 14 வட்டாரங்களில் ஒரு பிரிவுக்கு இரண்டு. வாளி, கைப்பம்பு, கோடரி, நனைத்த கம்பளம் இவைதான் கருவி. பெரும்பாலும் எரியும் கட்டடத்தை அணைப்பதைவிட அடுத்த கட்டடத்தை இடித்துத் தீயைத் தடுப்பதுதான் நடந்தது. கி.பி. 64-ல் பேரரசர் நீரோ காலத்துப் பெருந்தீயில் 14 வட்டாரங்களில் 3 தரைமட்டமாயின, 7 பெருமளவு அழிந்தன, 4 மட்டும் தப்பின. அதன் பிறகு கட்டடத்துக்குக் கட்டடம் பொதுச் சுவர் கூடாது, குறிப்பிட்ட பகுதி வரை மரமில்லாமல் கல்லில் கட்ட வேண்டும், முன்னால் தூண் வைத்த தாழ்வாரம் வேண்டும் என்றெல்லாம் விதிகள் வந்தன.

விகிலெஸ் படையின் தலைவருக்கான சட்டத்தில் ஒரு வரி எனக்கு மிகவும் பிடிக்கும். மேல்மாடியில் குடியிருக்கும் ஒவ்வொரு வாடகைக்காரரும் அறையில் எப்போதும் தண்ணீர் வைத்திருக்க வேண்டும் என்று அவர் எச்சரிக்க வேண்டுமாம். தீ விஷயத்தில் அஜாக்கிரதையாக இருப்பவரை அடிக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. சட்டம் எழுதுவது சுலபம். அந்தத் தண்ணீரை நாலாவது மாடிக்குச் சுமந்தது யார்?

ரோம் என்றால் தண்ணீர்ப் பாலங்கள் நினைவுக்கு வரும். முதல் கால்வாய் கி.மு. 312-ல் கட்டிய அப்பியா. கி.பி. மூன்றாம் நூற்றாண்டுக்குள் 11 பெரிய கால்வாய்கள் ஆகிவிட்டன. கி.மு. 19-ல் வந்த விர்கோ கால்வாயின் தண்ணீர்தான் பின்னால் டிரேவி நீரூற்றுக்கும் போயிற்று. ஆனால் இந்தத் தண்ணீர் மாடிக்கு ஏறவில்லை. வந்து சேர்ந்தது தெருமுனைக் கல்தொட்டிக்கு. கி.மு. 33-ல் அகஸ்டஸின் தளபதி அக்ரிப்பா ஒரே ஆண்டில் இப்படி 700 தொட்டிகளைக் கட்டினார் என்று பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர் கணக்குச் சொல்கிறார். அந்தக் குழாய்களுக்குப் பொதுவாக அடைப்பு கிடையாது. இரவும் பகலும் கொட்டிக்கொண்டே இருக்கும், வழிகிற தண்ணீர் தெருவைக் கழுவிச் சாக்கடைக்குப் போகும். வீணடிப்பு மாதிரித் தோன்றலாம். ஆனால் கழிவை நகர்த்தியதே அந்த வழிந்த தண்ணீர்தான்.

வீட்டுக்குத் தனிக் குழாய் வேண்டுமென்றால் பேரரசரின் அனுமதி வேண்டும். அதுவும் அந்த ஆளுக்கு மட்டும். செத்தால் மகனுக்கோ, விற்றால் வாங்கியவருக்கோ போகாது. கி.பி. 97-ல் தண்ணீர்த் துறைக்குத் தலைவரான ஃப்ரான்டினஸ், ஊர் முழுக்கப் பூமிக்கடியில் ஓடும் ஈயக் குழாய்களில் ஊழியர்களே காசு வாங்கிக்கொண்டு ஓட்டை போட்டு வழியெல்லாம் கடைகளுக்குத் தண்ணீர் விற்றதைக் கண்டுபிடித்துக் கொதித்துப்போய் எழுதியிருக்கிறார். அந்தத் திருட்டு இணைப்புகளைப் பிடுங்கியபோது கிடைத்த ஈயத்தின் அளவையே தனியாகக் குறிப்பிடுகிறார். வசதியுள்ளவர் இப்படிச் சமாளித்தார். மாடிக் குடித்தனக்காரர் குடத்தோடு இறங்கி ஏறினார், அல்லது தண்ணீர் தூக்கும் ஆளுக்குக் காசு கொடுத்தார்.

ஏறி இறங்கும் வேலை அவ்வளவு கஷ்டம் என்றால் கழிவு என்ன ஆகும்? இரவில் மண்சட்டி. காலையில் அதைக் கீழே கொண்டுபோய் மாடிப்படிக்கடியில் இருக்கும் பெரிய பானையிலோ எருக்குழியிலோ கொட்ட வேண்டும். சோம்பேறிகள் சன்னல் வழியாகக் கொட்டினார்கள். ஜூவனல் சொல்லும்போது மிகைப்படுத்துகிறார் என்று நினைக்கலாம், ஆனால் சட்டப் புத்தகத்தில் இதற்கென்று தனித் தலைப்பே இருக்கிறது. மேலிருந்து விழுந்ததாலோ கொட்டியதாலோ பொருள் கெட்டால், அந்தக் குடித்தனத்தில் இருப்பவர் இரட்டிப்பு நஷ்டஈடு தர வேண்டும். கட்டடத்துச் சொந்தக்காரர் அல்ல, குடியிருப்பவர். அடிமையல்லாத சுதந்திர மனிதர் செத்துப்போனால் 50 பொற்காசு. காயம் பட்டால் வைத்தியச் செலவும், வேலைக்குப் போகாத நாள்களின் கூலியும். ஆனால் தழும்புக்கோ உருவம் கெட்டதற்கோ காசு கிடையாது. சுதந்திர மனிதரின் உடலுக்கு விலை போட முடியாது என்று சட்ட அறிஞர் காயஸ் காரணம் சொல்கிறார். ஒருவகையில் உயர்ந்த சிந்தனைதான், மண்டையில் சட்டி விழுந்தவருக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

பொதுக் கழிப்பறைகளும் இருந்தன. அந்த நான்காம் நூற்றாண்டுப் பட்டியல்களில் 144 வருகிறது. நீளமான கல் இருக்கை, வரிசையாக ஓட்டைகள், நடுவில் தடுப்பே இல்லை. பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டே உட்கார வேண்டியதுதான். கீழே ஓடும் தண்ணீர், காலடியில் சிறு வாய்க்கால். கடற்பஞ்சு கட்டிய குச்சி ஒன்று பயன்பட்டது. எல்லாருக்கும் ஒன்றே என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். அந்த அளவுக்கு ஆதாரம் இல்லை. ஊர்ச் சிறுநீர் சலவைக்காரர்களுக்கு வேண்டிய சரக்கு, துணியின் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க. பேரரசர் வெஸ்பாசியன் அதற்கும் வரி போட்டார். மகன் டைட்டஸ் முகம் சுளித்தபோது அந்த வரிக்காசை அவர் மூக்கருகே நீட்டி, நாறுகிறதா என்று கேட்டதாகக் கதை.

இந்த அறையில் காலை வரை படுத்திருக்கவும் முடியாது. சூரியன் உதித்து மறையும் வரையான பகலை 12 'மணி'களாகப் பிரித்தார்கள். கோடையில் ஒரு 'மணி' இன்றைய 75 நிமிடம், குளிர்காலத்தில் 45 நிமிடம். வெளிச்சம் இருக்கும்போது வேலையை முடித்தாக வேண்டும். அப்புறம் சத்தம். விடியும் முன்பே ரொட்டிக்கடை, விடிந்ததும் வாத்தியாரின் கத்தல், பகலெல்லாம் செம்புக் கொல்லரின் சுத்தியல் என்று மார்ஷல் புலம்புகிறார். இரவு? இரவுதான் மோசம். கி.மு. 45-ஐச் சேர்ந்ததாகக் கருதப்படும், ஜூலியஸ் சீசர் பெயரில் வழங்கும் சட்டம் ஒன்று, சூரியோதயத்திலிருந்து பத்தாம் மணி வரை, அதாவது இன்றைய பிற்பகல் 4 மணி வாக்கு வரை, ரோமுக்குள் சரக்கு வண்டிகளைத் தடை செய்தது. கோயில் கட்டும் கல், இடித்த கட்டட மண், பூசைக்குப் போகும் வண்டி என்று சில விலக்குகள். அந்தப் பெரிய ஊருக்கு வேண்டிய மரம், செங்கல், மது, எண்ணெய் எல்லாம் ஆகவே மாலையிலும் இருட்டியபின்னும் இரும்புப் பட்டை போட்ட சக்கரங்களில் கல்பாவிய தெருவில் உருண்டன. ரோமில் நோயாளிகள் சாவது தூக்கமில்லாமல்தான் என்று ஜூவனல் சொன்னதில் இந்த ஒரு இடத்தில் மட்டும் நான் மிகையைக் கழிக்கமாட்டேன்.

சாப்பாட்டுக்கு வருவோம். சாய்ந்து படுத்து விருந்து சாப்பிட மூன்று கட்டில் போடும் கூடம் வேண்டும். மாடி அறைக்காரர் உட்கார்ந்தோ நின்றோ சாப்பிட்டார். ரொட்டி, பருப்பு வகை, கீரை, வெங்காயம், ஆலிவ், கொஞ்சம் பாலாடைக்கட்டி, தொட்டுக்கொள்ள மீனை உப்பில் ஊறவைத்து எடுத்த கரும் என்ற சாறு, தண்ணீர் கலந்த மது. தக்காளி, உருளை, மக்காச்சோளம், மிளகாய் எதுவும் அப்போது ஐரோப்பாவில் இல்லை. தக்காளி இல்லாத இத்தாலியை நினைக்கவே கொஞ்சம் சிரமம்தான்.

சூடாக எதுவும் வேண்டுமென்றால் தெருமுனைச் சாப்பாட்டுக் கடை. கல் மேடையில் பெரிய மண்சாடிகளைப் பதித்து வைத்திருப்பார்கள். பொம்பெயியில் 2020-ல் முழுமையாக வெளிக்கொண்டுவந்த ஒரு கடையின் சாடிகளில் வாத்து, ஆடு, பன்றி, மீன், நத்தை எல்லாவற்றின் மிச்சமும் கிடைத்தது. மேடை முகப்பில் வாத்துகளை வண்ணத்தில் வரைந்திருந்தார்கள். பேரரசர்களுக்கு இந்தக் கடைகள் மேல் எப்போதும் ஒரு சந்தேகம். கூட்டம் கூடுகிற இடம் அல்லவா! கிளாடியஸ் வேகவைத்த இறைச்சியையும் வெந்நீரையும் விற்கக் கூடாது என்றார், நீரோ காய்கறியும் பருப்பும் மட்டும் என்றார், வெஸ்பாசியன் பருப்பு வகை மட்டும் என்றார். ஒரே தடையை ஒருவர் பின் ஒருவராகப் போட்டார்கள் என்றால் யாரும் கேட்கவில்லை என்று அர்த்தம்.

சாதாரண மக்கள் வெறும் கஞ்சியில் காலம் தள்ளினார்கள் என்ற எண்ணத்தையும் சாக்கடை கொஞ்சம் மாற்றியிருக்கிறது. பொம்பெயியோடு சேர்ந்து எரிமலையில் புதைந்த ஹெர்குலேனியத்தில் கடைகளும் மாடிக் குடித்தனங்களும் இருந்த ஒரு கட்டடத்துக்கு அடியில் ஓடிய கழிவுச் சுரங்கத்திலிருந்து 700 மூட்டைக்கு மேல் மக்கிய மண்ணை எடுத்துச் சலித்தார்கள். பலவகை மீன், முட்டை, அத்தி, ஆலிவ், கடல் முள்ளெலி வரை வந்தது. அது கடலோரச் சிற்றூர், ரோம் அல்ல. இருந்தாலும் மாடிக் குடித்தனக்காரர் தட்டில் இவ்வளவு வகை இருக்கும் என்று இலக்கியத்தை மட்டும் படித்தவர் நினைத்திருக்க முடியாது.

ரோமில் ரொட்டிக்கு அரசு பொறுப்பெடுத்தது. கி.மு. 123-ல் மக்கள் தலைவர் கயஸ் கிராக்கஸ் குறைந்த விலையில் கோதுமை தரச் சட்டம் கொண்டுவந்தார், கி.மு. 58-ல் குளோடியஸ் அதை இலவசமாக்கினார். 3,20,000 வரை போன பயனாளிகளைச் சீசர் 1,50,000 ஆகக் குறைத்தார். அகஸ்டஸ் காலத்தில் 2,00,000 அளவில் நின்றது. மாதம் 5 மோடியஸ், அதாவது சுமார் 33 கிலோ. குடியுரிமை உள்ள ஆண்களுக்கு மட்டும். ஒருவருக்குத் தாராளம், குடும்பத்துக்குப் போதாது. வருமான வரம்பெல்லாம் கிடையாது. தானியச் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்த பீசோ என்ற பெரிய மனிதர் வரிசையில் வந்து நின்றார். நீங்களா என்று கிராக்கஸ் கேட்டதற்கு, என் சொத்தை நீ எல்லாருக்கும் பங்கு போடுவது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் போடுவதென்று ஆகிவிட்டால் என் பங்கை வாங்க வருவேன் என்றாராம்.

கோதுமை எகிப்திலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பலில் வந்தது. எண்ணெய் முக்கியமாகத் தென் ஸ்பெயினிலிருந்து. அந்த எண்ணெய்ச் சாடிகளை மறுபடி பயன்படுத்த முடியாததால் உடைத்து அடுக்கினார்கள். அடுக்கியது இன்று 35 மீட்டர் உயரக் குன்றாக ரோமின் டெஸ்டாச்சோ பகுதியில் நிற்கிறது. நம் பக்கத்துச் சரக்கும் அந்த ஊருக்குப் போயிற்று. பேரரசர் டொமிஷியன் கி.பி. 92 வாக்கில் ரோமின் நடுவில் மிளகுக்கென்றே கிடங்கு கட்டினார். முசிறிக்கு யவனர் கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு 149-ஆம் பாடல் சொல்வது அந்த வியாபாரத்தின் இந்த முனை. பிளினி கணக்கில் கரும்மிளகு ஒரு ராத்தல் 4 தினாரியஸ் (வெள்ளிக்காசு), திப்பிலி 15. திப்பிலி பணக்காரர் சமாச்சாரம், ஆனால் ஒரு சிட்டிகை கரும்மிளகு நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாததல்ல.

கையில் வந்த கோதுமையை அரைத்துச் சுட வேண்டுமே. மாடி அறையில் அதற்கு வழியில்லை. ஆகவே ரொட்டிக்கடைகள் பெரிய தொழில். அடிமையாக இருந்து விடுதலை பெற்றவராகக் கருதப்படும் யூரிசாசெஸ் என்ற ரொட்டிக்காரர், கி.மு. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் தனக்குக் கட்டிய கல்லறை போர்டா மஜோரே வாசலருகே இன்னும் இருக்கிறது. அதன் சுவரில் பெரிய வட்ட ஓட்டைகள், மாவு பிசையும் கலங்களின் வடிவம் என்கிறார்கள். மேலே சுற்றிலும் கோதுமை வாங்குவது முதல் ரொட்டியை நிறுப்பது வரை செதுக்கல். ரசனை போதாது என்று பிரபுக்கள் சிரித்திருப்பார்கள். எனக்கு ரோமில் பிடித்த கல்லறை அதுதான்.

ஆனால் அந்த மாவு இயந்திரத்தைச் சுற்றிவந்தது கழுதைகளும் அடிமைகளும். மேலே சொன்ன 'சாதாரண ஆள்' கணக்கில் அவர்களைச் சேர்க்காமல் விட்டால் பாதி ஊரை விட்ட மாதிரி. சிலர் வீட்டுக் கணக்குப் பார்த்து, வாடகை வசூலித்து, காசு சேர்த்து விடுதலை வாங்கினார்கள், பொம்பெயி விளம்பரத்து பிரைமஸ் போன்றவர்களுக்கு அந்த வாய்ப்பு இருந்தது. மற்றவர்களுக்கு வேறு கதை: 'நான் ஓடிவிட்டேன், பிடி, என் எஜமானர் சோனினஸிடம் ஒப்படைத்தால் ஒரு பொற்காசு கிடைக்கும்' என்று பொறித்த இரும்புக் கழுத்து வளையம் ஒன்று ரோம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பெண்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள் என்பதும் மாளிகைக்காரர்களின் கதைதான். ஒஸ்தியாவில் கிடைத்த ஒரு கல்லில் ஒரு பெண் கடை மேடைக்குப் பின்னால் நின்று கோழி, முயல், பழம் விற்கிறார். மேடைமேல் இரண்டு குரங்குகள் உட்கார்ந்திருக்கின்றன, வேடிக்கை காட்டி ஆள் சேர்க்க. ஒஸ்தியா பக்கத்துக் கல்லறை ஒன்றில் ஸ்க்ரிபோனியா அட்டிகே என்ற மருத்துவச்சி பிரசவம் பார்க்கும் காட்சியைச் சுடுமண்ணில் வைத்திருக்கிறார்கள்.

மதியத்துக்கு மேல் வேலை முடிந்ததும் குளியல். நுழைவுக்கட்டணம் பொதுவாக ஆஸ் என்ற செம்புக்காசில் கால் பங்கு, இருப்பதிலேயே சின்னக் காசு. பிரமாண்டக் குளியலகங்கள் 11. அவற்றைவிடத் தெருத்தெருவாக இருந்த சின்னக் குளியலகங்கள் முக்கியம், அதே நகரப் பட்டியல்களில் அவை 850-க்கு மேல். உடம்பில் எண்ணெய் தேய்த்து, வளைந்த உலோகத் தகட்டால் அழுக்கோடு வழித்தெடுத்து, சூட்டறை, வெந்நீர், குளிர்நீர் என்று மாறி மாறிப் போவார்கள். பேச்சு, சூதாட்டம், தின்பண்டம், துணி திருட்டு எல்லாம் அங்கேதான். தத்துவ அறிஞர் செனெகா ஒரு குளியலகத்துக்கு மேல் குடியிருந்தபோது, எடை தூக்குபவரின் முனகலும், அக்குள் முடி பிடுங்குபவரிடம் மாட்டியவரின் அலறலும், பலகாரக்காரரின் கூவலும் காதைப் பிளந்தன என்று எழுதியிருக்கிறார். இதனால் ஊர் சுத்தமாக இருந்தது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நோயாளிகளும் அதே தொட்டியில்தான் இறங்கினார்கள். ஆறாத புண்ணோடு குளியலகத்துக்குப் போனால் புண் அழுகும் என்று மருத்துவ நூல் எழுதிய செல்சஸ் எச்சரிக்கிறார். ரோமானியர் வாழ்ந்த இடங்களின் மண்ணில் குடற்புழு முட்டைகளுக்குப் பஞ்சமே இல்லை.

கொலோசியத்தைப் பற்றி ஒரு வரி போதும்: கி.பி. 354-ஐச் சேர்ந்த நாள்காட்டியில் ஆண்டுக்கு 176 விழா நாள்கள் வருகின்றன, அவற்றில் 102 நாடகம், 64 தேர்ப்பந்தயம், வாள்வீரர் சண்டை வெறும் 10. ரோம்காரர்களின் உண்மையான பைத்தியம் தேர்ப்பந்தயம். நீலக் கட்சி, பச்சைக் கட்சி என்று பிரிந்து கத்தினார்கள்.

இருட்டினால் தெருவிளக்கு கிடையாது. கடைகளுக்குப் பலகை போட்டு அடைத்துவிடுவார்கள். பணக்காரர் தீவட்டி பிடிக்கும் ஆள்களோடு வீடு திரும்புவார். மற்றவர்கள் வண்டிச் சக்கரத்துக்கும் சன்னல் சட்டிக்கும் தப்பித்து மாடி ஏற வேண்டியதுதான்.

கடைசியாக, சாவு. செத்தவரை நகர எல்லைக்குள் புதைக்கவோ எரிக்கவோ கூடாது என்பது கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுச் சட்டம். ஆகவே ஊருக்கு வெளியே செல்லும் சாலையோரமெல்லாம் கல்லறைகள். சொந்தக் கல்லறைக்கு வழியில்லாதவர்கள் அதற்கும் கூட்டுச் சேர்ந்தார்கள். ரோமுக்குத் தென்கிழக்கே லனுவியத்தில் இருந்த ஒரு சங்கத்தின் விதிகள் கி.பி. 136-ஐச் சேர்ந்த கல்வெட்டில் முழுசாகக் கிடைத்திருக்கின்றன. சேர 100 செஸ்டர்ஸும் (ஒரு செஸ்டர்ஸ் 4 ஆஸ்) ஒரு சாடி நல்ல மதுவும். மாதம் 5 ஆஸ். அடிமைகளும் சேரலாம். ஒழுங்காகக் கட்டிவந்தவர் செத்தால் ஈமச் செலவுக்கு 300 செஸ்டர்ஸ், அதில் 50 சுடுகாட்டுக்கு வந்தவர்களுக்குப் பகிர்ந்து கொடுக்க. தற்கொலை செய்துகொண்டால் எதுவும் இல்லை. உறுப்பினராக இருக்கும் அடிமைக்கு விடுதலை கிடைத்தால் அவர் ஒரு சாடி மது தர வேண்டும். சங்க விருந்தில் இடம் மாறி உட்கார்ந்து கலாட்டா செய்தால் 4 செஸ்டர்ஸ் அபராதம், யாரையாவது திட்டினால் 12, தலைவரைத் திட்டினால் 20. புகார் ஏதாவது இருந்தால் கூட்டத்தில்தான் சொல்ல வேண்டும், விருந்தில் வாயைத் திறக்கக் கூடாது, எல்லாரும் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் என்று அதையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.